ஏ340இ ஓவர்ஹாலுக்குப் பிறகு: 2-லிருந்து 3 மாறும்போது எஞ்சின் எகிறுது, ரிவர்ஸ் லேட்டா பிடிக்குது. கியர் பெட்டியை மறுபடி இறக்கணுமா?

நெடுஞ்சாலை (கேள்வி)

வணக்கம். வண்டியில இருக்கிறது ஏ340இ, 4 கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கரத்துக்கு ஓட்டம். ஆயில் கறுத்து, கருகின வாடை அடிச்சு, ஓவர்டிரைவ் (4-வது கியர்) பிடிக்காம போனதால ஒரு பட்டறையில முழுசா பிரிச்சு ஓவர்ஹால் பண்ணினாங்க. கிளட்ச் பிளேட், சீல் கிட், ஃபில்டர் எல்லாம் புதுசு. ஸ்டீல் பிளேட்டும் கன்வெர்ட்டரும் (எஞ்சினையும் பெட்டியையும் ஆயில் வழியா இணைக்கிறது) பழசு.

ஓவர்டிரைவ் இப்போ நல்லா பிடிக்குது. ஆனா முன்னாடி இல்லாத இரண்டு கோளாறு புதுசா வந்திருக்கு.

முதலாவது, 2-லிருந்து 3 மாறுற இடம். 2500 ஆர்பிஎம்ல மாறவேண்டியது, முள் 3200 வரைக்கும் எகிறிட்டு அப்புறம் டொக்குனு பிடிக்குது. அந்த இடைவெளியில வண்டிக்கு இழுவையே இல்லை. மெதுவா மிதிச்சா கம்மி, ஏற்றத்துல ரொம்ப மோசம். 1-லிருந்து 2, 3-லிருந்து 4 இரண்டும் பிரமாதமா மாறுது.

அடுத்தது ரிவர்ஸ். காலையில குளிர்ந்த எஞ்சின்ல போட்டா உடனே பிடிக்கும். ஓடி சூடான பிறகு போட்டா கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்காது, அப்புறம் உதைச்சுக்கிட்டுப் பிடிக்கும். டி-ல போட்டா சூட்டுலயும் உடனே பிடிக்குது.

ஓ/டி (ஓவர்டிரைவ்) ஆஃப் விளக்கு மினுக்கலை. ஆயில் சிவப்பா இருக்கு. பட்டறையில கேட்டா "புது பிளேட், ஓடி ஓடி செட் ஆயிடும்"னு சொல்றாங்க. ஒரு தடவை திராட்டில் கேபிளை இறுக்கிப் பார்த்தாங்க. 3-வது கியர் கொஞ்சம் தேவலை, ஆனா 1-லிருந்து 2 முதுகுல குத்துற மாதிரி ஆயிடுச்சு. திரும்ப பழைய இடத்துக்கே கொண்டுவந்துட்டாங்க. அந்த மார்க் சரிதானான்னு எனக்குத் தெரியாது.

ஓட்டிக்கிட்டே பொறுத்துப் பார்க்கலாமா, இல்ல பெட்டியை இறக்கச் சொல்லிக் கேட்கணுமா? ஜாக்கி, ஸ்டாண்டு, மல்டிமீட்டர் கையில இருக்கு. பட்டறை மேனுவலும் இருக்கு, ஆனா அதுல எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே புரியலை.

வயர்மேன்

நண்பரே, இறக்குறதைப் பத்தி அப்புறம் பேசலாம். கரண்ட் பக்கத்தை முதல்ல கழிச்சுடுவோம். விளக்கு மினுக்கலைன்னா 62, 63 கோளாறு கோடு (கம்ப்யூட்டர் பதிஞ்சு வைக்கிற எண்) எதுவும் விழலைன்னு அர்த்தம், அதாவது எஸ்1, எஸ்2 சொலினாய்டு (கரண்ட்ல இயங்கி கியரை மாத்துற வால்வு) வயர் அறுந்தோ ஷார்ட் ஆகியோ இல்லை. மீட்டர் வெச்சு அளந்தா எஸ்1, எஸ்2 ரெண்டும் 11-லிருந்து 15 ஓம்ஸுக்குள்ள காட்டணும்.

ஆனா ஓவர்ஹால் முடிஞ்சு வர்ற வண்டியில நான் பார்த்த வேடிக்கை வேற. எஸ்1 வயரை எஸ்2-லயும் எஸ்2 வயரை எஸ்1-லயும் மாட்டிடுவாங்க. ரெண்டுக்கும் ஓம்ஸ் ஒண்ணுங்கிறதால கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது, கோடும் வராது. இந்தப் பெட்டியில 1-க்கு எஸ்1 மட்டும் ஆன், 2-க்கு ரெண்டும் ஆன், 3-க்கு எஸ்2 மட்டும் ஆன், 4-க்கு ரெண்டும் ஆஃப். மாத்தி மாட்டினா நின்ன இடத்துலயிருந்து 3-ல கிளம்பும், அப்புறம் 2-க்கு இறங்கும். உங்க வண்டி கிளம்பும்போது சோம்பலா இருக்கா?

அப்புறம் ஸ்கேனர்ல அடாப்டேஷன் ரீசெட் (பழைய பிளேட்டுக்குக் கம்ப்யூட்டர் கத்துக்கிட்ட கணக்கை அழிக்கிறது) பண்ணினாங்களான்னும் கேளுங்க.

குறுக்குவழி

சீல் வீங்க வைக்கிற மருந்து டப்பால வருது. ஒரு டப்பா ஊத்தி ஓட்டிப் பாருங்க. என் பழைய வண்டிக்குக் கேட்டுச்சு.

நெடுஞ்சாலை

வயர்மேன், கிளம்பும்போது நல்லா இழுக்குது, சோம்பல் இல்லை. எஸ்1-ம் எஸ்2-ம் 13 ஓம்ஸ் பக்கம் காட்டுது. ரீசெட் பத்திக் கேட்டேன், இந்த வண்டிக்கு அப்படி ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க.

பழைய ஸ்பேனர்

தம்பி, அவங்க சொன்னதுல அது ஒண்ணுதான் சரி. ஏ340இ-ல கம்ப்யூட்டர் எப்போ மாத்தணும்னு மட்டும் சொல்லும். எவ்வளவு அழுத்தத்துல மாத்தணும்ங்கிறது அந்த கேபிள் வேலை. கேபிள் வால்வ் பாடிக்குள்ள (ஆயிலை அந்தந்த கிளட்சுக்குப் பிரிச்சு அனுப்புற பாகம்) இருக்கிற திராட்டில் வால்வைத் தள்ளும், அதுலயிருந்து லைன் பிரஷர், அதாவது கிளட்சுகளை அமுக்குற ஆயில் அழுத்தம், ஏறும் இறங்கும். அதனால கேபிளை இறுக்கினா எல்லாக் கியருக்கும் அழுத்தம் கூடும். நோயாளிக்கு மட்டும் மருந்து கொடுக்காம வீட்டுல எல்லாருக்கும் ஊத்தின கதை அது. நல்லா இருந்த 1-2 அதனாலதான் குத்துச்சு. 3 தேவலையானதுக்குக் காரணம், ஒழுகுற இடத்துல கூடுதல் அழுத்தம் கொஞ்சம் ஈடு கட்டிடுச்சு, அவ்வளவுதான்.

கேபிளை மறுபடி தொடுறதுக்கு முன்னாடி அளவைப் பாரு. ஆக்சிலரேட்டரை யாராவது தரையோட அமுக்கிப் பிடிக்கட்டும். எஞ்சின் பக்கம் கேபிள்ல ஒரு சின்ன ஸ்டாப்பர் நசுக்கி வெச்சிருக்கும். அதுக்கும் ரப்பர் உறை முனைக்கும் நடுவுல 0-லிருந்து 1 மில்லிமீட்டர் இருக்கணும். இருந்தா கேபிளை மறந்துடு. சும்மா நிக்கிற வண்டி ரிவர்ஸ் பிடிக்க லேட் ஆகுதே, அப்போ ஆக்சிலரேட்டர்ல காலே இல்லை. அதுக்கும் கேபிளுக்கும் என்ன சம்பந்தம்?

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நீ இரண்டு கோளாறுன்னு எழுதியிருக்கே. எனக்கு ஒண்ணுதான் தெரியுது. உன் மேனுவல்ல ஒரு கட்டம் போட்ட பக்கம் இருக்கும், எந்தக் கியருக்கு எந்த கிளட்ச், எந்த பிரேக்குன்னு. சி-னா கிளட்ச், பி-னா பெட்டிக்குள்ள இருக்கிற பிரேக். மத்த பக்கத்தை எல்லாம் மூடிட்டு அதை மட்டும் பாரு.

1-வது கியருக்கு சி0, சி1. அதோட ஒருவழி கிளட்சுகள்.
2-க்கு அதுங்களோட பி2 சேரும்.
3-க்கு அதுங்களோட சி2 சேரும்.
4-க்கு சி0 விலகி பி0 பிடிக்கும், சி2 பிடிச்சது பிடிச்சபடியே இருக்கும்.
ரிவர்ஸுக்கு சி0, சி2, பி3.

எது நல்லா இருக்கோ அதை அடிச்சுக்கிட்டே வா. டி-ல போட்டா உடனே பிடிக்குது, அப்போ சி0, சி1 சுத்தம். 1-2 நல்லா மாறுது, பி2 சுத்தம். 3-4 நல்லா மாறுது, பி0 சுத்தம். மிச்சம் நிக்கிறது சி2-வும் பி3-யும். 3-வது கியருக்குப் புதுசா வந்து பிடிக்கிறவன் சி2, ரிவர்ஸ்லயும் அவன் இருக்கான். 4-ல ஏன் தெரியலைன்னா அவன் அதுக்குள்ள பிடிச்சு முடிச்சுட்டான். 3-ல சுமையை சி1-ம் சி2-வும் பங்கு போட்டுக்கும், ரிவர்ஸ்ல எஞ்சின் இழுக்கிறது முழுக்க சி2 தலையில.

பி3 மேல சந்தேகம் இருந்தா அதையும் இறக்காமலே தீர்க்கலாம். லீவரை எல்-ல வெச்சு மெதுவா ஓட்டி, காலை எடு. எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிச்சா பி3 நல்லா இருக்கு. எல்-ல அந்தப் பிடிப்பைக் கொடுக்கிறது பி3-தான். காலை எடுத்ததும் நியூட்ரல் மாதிரி உருண்டுச்சுன்னா பி3-யும் கெட்டிருக்கு.

அடுத்து, மினுக்குற விளக்கை நம்பாம கரண்டை முழுசா கழட்டிப் பாரு. எஞ்சினை நிறுத்திட்டு, பெட்டிக்குப் போற சொலினாய்டு கனெக்டரைப் பிடுங்கு. இப்போ லீவர்தான் கியர். எல்-ல 1, 2-ல வெச்சா 3, டி-ல வெச்சா ஓவர்டிரைவ். எல்-ல கிளம்பி, வேகம் கொஞ்சம் வந்ததும் 2-க்குத் தள்ளு. 3-க்கு நேரா ஏறும். அப்பவும் உறுமிட்டுப் பிடிச்சா கம்ப்யூட்டர், சென்சார், வயர் யாருக்கும் இதுல பங்கு இல்லை. மறுபடி மாட்டின பிறகு கோடு விழுந்திருக்கும், அழிச்சுடு.

ரிவர்ஸ் தாமதத்தையும் உத்தேசமா சொல்லாதே. ஆயில் சூடா இருக்கணும், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும், ஐடில்ல என்-லிருந்து ஆர். கைக்கடிகாரத்தைப் பார்த்து அள. உதைப்பு 1.5 வினாடிக்குள்ள வரணும். என்-லிருந்து டி 1.2-க்குள்ள. ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல ஒரு நிமிஷம் விட்டு மூணு தடவை எடுத்து சராசரி போடு.

ஸ்டால் டெஸ்ட்டுனு ஒண்ணு மேனுவல்ல இருக்கும், பிரேக்கை மிதிச்சுக்கிட்டு முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கிறது. அஞ்சு வினாடிக்கு மேல கூடாதுன்னு போட்டிருப்பாங்க. இப்போதைக்கு அதைத் தொடாதே. சி2 வழுக்குதுன்னு ஏற்கெனவே தெரியுது, அதை உறுதிப்படுத்த மிச்ச பிளேட்டையும் எரிக்கணுமா?

செட் ஆகுமாங்கிறதுக்குப் பதில்: புது பிளேட் கொஞ்ச தூரம் ஓடினா மாறுற விதம் சற்று மென்மையாகும், அது உண்மை. வழுக்குறது ஓடி ஓடி நிக்காது. ஒவ்வொரு தடவை முள் எகிறும்போதும் பிளேட் மேல் பூச்சு கண்ணாடியா மெருகேறுது. ஓட்டத்தைக் குறை. ஏற்றத்துக்குப் போகாதே.

மருந்து ஊத்தச் சொன்னவருக்கு: பழசாகி காய்ஞ்சு போன ரப்பருக்கு அது கொஞ்ச நாள் கை கொடுக்கும். இது புது சீல். வெட்டுப்பட்ட சீலை எந்த டப்பாவும் ஒட்ட வைக்காது. அதோட ஒருநாள் பெட்டியைப் பிரிக்கும்போது எது கெட்டதுன்னு கண்டுபிடிக்க முடியாதபடி ரப்பரை எல்லாம் ஊதிப்போட்டு வெச்சிருக்கும்.

ஆயில் அளவையும் ஒழுங்கா பார்த்துடு. சூடா, எஞ்சின் ஐடில்ல, பிரேக் மேல கால் வெச்சு லீவரை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்த் திரும்ப பி-ல வெச்ச பிறகு டிப்ஸ்டிக். எஞ்சினை நிறுத்திட்டுப் பார்த்தா பொய் சொல்லும்.

வயர்மேன்

பெரியவரே, எஸ்1 எஸ்2 மாறியிருந்தா கிளம்பும்போதே தெரிஞ்சிருக்கும், அதை விட்டுடறேன். ஒரு சந்தேகம். குளிர்ல ரிவர்ஸ் நல்லா பிடிக்குதே, சீல் வெட்டுப்பட்டிருந்தா குளிர்லயும் ஒழுகணுமே?

பழைய ஸ்பேனர்

ஒழுகும், கம்மியா ஒழுகும். குளிர்ந்த ஆயில் கெட்டி, சின்ன வெட்டு வழியா சீக்கிரம் போகாது. சூடானா தண்ணியாயிடும். பழைய பெட்டியில தலைகீழா பார்க்கலாம், ரப்பர் விறைச்சுப்போய் காலையில பிடிக்காது, சூடானா இளகிப் பிடிக்கும். புதுசா கட்டின பெட்டி சூட்டுல மட்டும் மோசமானா நான் வெட்டு, முறுக்கு, விட்டுப்போன ரிங் இந்த மூணைத்தான் தேடுவேன்.

நெடுஞ்சாலை

ஐயா, எல்லாம் பார்த்துட்டேன்.

கேபிள் ஸ்டாப்பர் இடைவெளி 1 மில்லிமீட்டருக்குள்ள இருக்கு. ஆயில் சூட்டுக் குறியில சரியா நிக்குது. எல்-ல காலை எடுத்தா வண்டியை இழுத்துப் பிடிக்குது. என்-லிருந்து டி ஒரு வினாடிகூட ஆகலை. என்-லிருந்து ஆர் சராசரி 2.8 வினாடி. கனெக்டரைப் பிடுங்கிட்டு எல்-லிருந்து 2-க்குத் தள்ளினேன், அதே உறுமல், அதே டொக்.

பட்டறையில இதை எழுதிக் காட்டினேன். பெரிய மெக்கானிக் படிச்சுட்டு, "லைன் பிரஷர் கம்மியா இருந்தாலும் இப்படித்தான் ஆகும், பம்ப்பா இருக்கலாம்"னு சொன்னாரு. ஆனா பிரஷர் கேஜ் போட்டுப் பார்க்கத் தயார்னும் சொன்னாரு. போட வைக்கட்டுமா?

பழைய ஸ்பேனர்

போடட்டும். பம்ப் பலவீனமா இருந்தா சி1-ம் பி2-வும் மட்டும் எப்படி நல்லா பிடிக்கும்னு கேட்டிருக்கலாம், ஆனா கேஜ் போடுறேன்னு சொல்ற மெக்கானிக்கோட வாதாடாதே, அந்த மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம். ஐடில்ல டி-யும் ஆர்-ம் இரண்டும் பார்க்கணும். ஆர்-ல டி-யை விட அதிகம் காட்டணும். அளவு மேனுவல்ல இருக்கு, உன் எஞ்சினுக்கு உள்ளதைப் பாரு, ஒவ்வொண்ணுக்கும் மாறும்.

கேஜ் சரியா காட்டினாலும் பெட்டியை இறக்குறதுக்கு முன்னாடி இன்னொரு படி இருக்கு. சி2-க்குப் போற ஆயில் வழியில ஒரு அக்குமுலேட்டர் உண்டு, கிளட்ச் முரட்டுத்தனமா பிடிக்காம இருக்க. அந்த பிஸ்டன் ஓ-ரிங் வெட்டுப்பட்டாலும் சி2 ஆயில் அங்கேயே ஒழுகிடும், அறிகுறி அச்சு அசல் இதேதான். அதை மாத்த பெட்டியை இறக்க வேண்டாம். ஆயில் பேனைக் கழட்டி, வால்வ் பாடியை இறக்கினா போதும்.

இறக்கும்போது பொறுமை. அக்குமுலேட்டர் ஸ்பிரிங்குகளும் ஒரு செக் பாலும் வால்வ் பாடியோட கீழே கொட்டும். எது எந்தக் குழியிலயிருந்து வந்ததுன்னு படம் எடுத்து வைக்கச் சொல்லு. சி0, பி0, சி2, பி2 நாலுக்கும் தனித்தனி ஸ்பிரிங். நீளத்தையும் நிறத்தையும் மேனுவலோட ஒத்துப் பார்க்கணும். ஓவர்ஹால்ல இது மாறிப்போறது சகஜம்.

வால்வ் பாடி இல்லாத நிலையில, கேஸ்ல சி2 துவாரத்துல ரப்பர் முனை வெச்சுக் காத்து அடிக்கட்டும். 40 பி.எஸ்.ஐ. போதும். அக்குமுலேட்டர் பிஸ்டனைத் துணியால பொத்திப் பிடிக்கணும், வேகமா வெளியே வரும். கிளட்ச் நல்லா இருந்தா உள்ளே 'தொம்'னு ஒரு சத்தம், காத்தை எடுத்தா திரும்புற சத்தம். சீல் போயிருந்தா 'புஸ்'ஸுனு ஓடிக்கிட்டே இருக்கும். அதே மாதிரி சி1 துவாரத்துலயும் அடிச்சு இரண்டையும் ஒத்துக் கேளு. ரிங்குகள் வழியா கொஞ்சம் கசியத்தான் செய்யும், சி1 எவ்வளவு கசியுதோ அதுதான் உன் அளவுகோல்.

நெடுஞ்சாலை

பக்கத்துல நின்னு பார்த்தேன். கேஜ் டி-லயும் ஆர்-லயும் மேனுவல் அளவுக்குள்ள இருந்துச்சு. அக்குமுலேட்டர் ஓ-ரிங் நாலும் புதுசு, ஒரு கீறல் இல்லை. ஸ்பிரிங் எல்லாம் அதது இடத்துல. சி1-ல காத்து அடிச்சா தொம்முனு கேட்டுச்சு. சி2-ல வெறும் காத்து ஓடுற சத்தம்தான், அழுத்தத்தைக் கூட்டின பிறகு லேசா ஒரு தட்டு.

மெக்கானிக் அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை. தானே பெட்டியை இறக்கிட்டாரு. சி2 டிரம்மைப் பிரிச்சதுல, பிஸ்டனோட உள் ஓ-ரிங் ஒரு பக்கம் பள்ளத்துலயிருந்து பிதுங்கி சீவிப் போயிருந்துச்சு. நகத்தளவு துண்டு. பிளேட் எல்லாம் பார்க்க நல்லாத்தான் இருக்கு, லேசா பளபளப்பு. அதையே போடலாம்னு சொல்றாரு. போடலாமா? இப்போ டிரம் மேசையில இருக்கு, நாளைக்குக் காலையில மாட்டப் போறாங்க.

பழைய ஸ்பேனர்

போடக்கூடாது. பளபளப்புனு நீ சொல்றதுதான் வழுக்கின அடையாளம். சி2 பிளேட் செட் மட்டும் புதுசு வாங்கச் சொல்லு, மத்ததைத் தொட வேண்டாம். ஸ்டீல் பிளேட்ல நீலம் பாரிச்சிருந்தா, வளைஞ்சிருந்தா அதையும் மாத்து. பிளேட்டை மாட்டுறதுக்கு முன்னாடி குறைஞ்சது 15 நிமிஷம் ஏ.டி.எஃப்.ல (ஆட்டோமேட்டிக் பெட்டி ஆயில்) ஊறப்போடணும். காய்ஞ்ச பிளேட்டை மாட்டுறவங்க இருக்காங்க.

பிஸ்டனைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாரு. உள்ளே குட்டி செக் பால் கலகலனு ஆடணும். அது அழுக்குல திறந்தபடி மாட்டிக்கிட்டாலும் இதே ஒழுக்கல்தான், புது ஓ-ரிங் போட்டும் பிரயோஜனம் இல்லாம போகும். அப்புறம் ஓ-ரிங் ஏன் சீவுச்சுன்னு தெரியணும். டிரம் உட்புற விளிம்பை விரலால தடவு. பிசிறு இருந்தா அடுத்த ஓ-ரிங்கையும் அதுவே சீவும், நைஸ் எமரியால எடுத்துட்டுக் கழுவணும். பிசிறு இல்லைன்னா ஆயில் தடவாம நேரா அழுத்தியிருக்காங்க. பிஸ்டனுக்கும் டிரம்முக்கும் ஆயில் தாராளமா பூசி, இரண்டு கையாலயும் சமமா அமுக்கணும். சுத்தியல் அந்த மேசைப் பக்கமே வரக்கூடாது.

கட்டின பிறகு, பெட்டிக்குள்ள இறக்குறதுக்கு முன்னாடி, டயல் கேஜ் வெச்சு காத்து அடிச்சு பிஸ்டன் எவ்வளவு நகருதுன்னு அளக்கச் சொல்லு. மேனுவல் அளவுக்கு மேல போனா தடிமனான ஃபிளேஞ்ச் (பிளேட் அடுக்கோட கடைசித் தட்டு) போட்டு சரிக்கட்டணும். இந்த ஒரு அளவை முதல் தடவையே எடுத்திருந்தா ஓ-ரிங் அன்னைக்கே காட்டிக் கொடுத்திருக்கும், ஏன்னா காத்து நிக்காம பிஸ்டன் ஒழுங்கா ஏறியிருக்காது.

கன்வெர்ட்டரை மாட்டும்போது சுத்திக்கிட்டே தள்ளி, பம்ப்ல முழுசா உட்கார்ந்ததா பெட்டி முகப்புலயிருந்து ஆழம் அளந்து பார்க்கணும். அரைகுறையா உட்கார்ந்ததோட போல்ட் இறுக்கினா பம்ப் உடையும். கூலரையும் லைனையும் இந்தத் தடவை கழுவினாங்களான்னு கேளு. முதல்ல கருகின பெட்டி அது, கூலர்ல தூள் இருந்தா நேரா புது பிளேட்டுக்குத்தான் வரும்.

நெடுஞ்சாலை

டிரம் விளிம்புல ஒரு இடத்துல பிசிறு இருந்துச்சு ஐயா, விரல்ல குத்துச்சு. எடுத்துட்டாங்க. புது சி2 பிளேட், புது ஓ-ரிங், டயல் கேஜ் அளவு மேனுவலுக்குள்ள. கூலரையும் கழுவியாச்சு, கறுப்பா வந்துச்சு. மாட்டி ஓட்டிட்டேன். 2-3 மாறுறது தெரியவே இல்லை, ஏற்றத்துலயும் முள் நேரா இறங்குது. சூட்டுல ரிவர்ஸ் ஒரு வினாடிக்குள்ள பிடிக்குது. ரொம்ப நன்றி ஐயா. வயர்மேனுக்கும் நன்றி.

மேடுபள்ளம்

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கவும். எனக்கும் ஓவர்ஹாலுக்கு அப்புறம் உறுமல்தான், ஆனா 6 கியர் பெட்டி, எல்லாக் கியர்லயும் இருக்கு. நானும் சி2-வைப் பார்க்கச் சொல்லட்டுமா?

வயர்மேன்

எல்லாக் கியர்லயும்னா ஒரே கிளட்ச் மேல பழி போட முடியாது. உங்க பெட்டியில பிரஷரைக் கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கும், கேபிள் இல்லை. பழைய தேய்ஞ்ச பிளேட்டுக்குக் கத்துக்கிட்ட கணக்கை இன்னும் புது பிளேட்டுக்கும் போட்டுக்கிட்டு இருக்கலாம். நான் முதல்ல இவர்கிட்ட கேட்ட அடாப்டேஷன் ரீசெட் உங்களுக்குத்தான் பொருந்தும். ஸ்கேனர்ல அழிச்சுட்டு, தயாரிப்பாளர் சொல்ற முறையில ஓட்டிக் கத்துக்க விடணும். அதுக்கு முன்னாடி ஆயில் அளவு. டிப்ஸ்டிக் இல்லாத பெட்டின்னா, குறிப்பிட்ட சூட்டுல ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறந்துதான் பார்க்கணும். அந்தச் சூட்டை ஸ்கேனர்ல படிச்சுப் பார்த்தாங்களான்னு கேட்டுட்டு, தனி இழை ஒண்ணு ஆரம்பிங்க. பெட்டி எண்ணையும் அறிகுறியையும் அதுல எழுதுங்க, பெரியவரையும் கூப்பிடலாம்.